மல்லிப்பூ ஊரில் மணத்தைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாதா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

நான்காம் அலகை எடுத்துவிட்டீர்கள் என்று எனக்கு யாரும் நேரில் சொல்லவில்லை. புதிய பாடத்திட்டத்தின் பிடிஎஃப் துறை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே விரலால் தள்ளிப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டு 'மொழிபெயர்ப்பில் உலக இலக்கியம்' பேப்பரில் மூன்று வருடமாக நான் நடத்திவந்த 'நாவலும் விளம்பரமும்: மணம்' என்ற பகுதி இருந்த இடத்தில் ஒரு பயணக் கட்டுரை இருக்கிறது. நாவல் முழுசாகப் போகவில்லை, ஐந்து பக்கமாகச் சுருங்கி இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒதுங்கிவிட்டது. விளம்பரங்கள் அடியோடு காணோம்.

ஆங்கிலத் துறைக்காரி எதற்குத் தமிழில் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். இந்த முடிவு எந்தப் பிள்ளைகளைத் தொடுகிறதோ அவர்களுடைய அம்மா அப்பாவும் இதைப் படிக்க வேண்டும், அதனால்தான். உங்களில் இரண்டு பேர் எனக்குப் பாடம் எடுத்தவர்கள். அந்த மரியாதை அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

கூட்டக் குறிப்பில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன: விளம்பர வாசகம் இலக்கியப் பிரதி ஆகாது, நாவலின் சில பகுதிகள் மாணவிகளுக்கு ஏற்றவை அல்ல. குறிப்பில் ஏறாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, கூட்டத்தில் இருந்த ஒருவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மல்லிப்பூ விக்கிற ஊர்ல பிள்ளைகளுக்கு பிரான்ஸ் சென்ட் கதை எதுக்கும்மா?" எனக்கு அதிகம் உறுத்தியது இந்த மூன்றாவதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாவல், பாட்ரிக் ஸூஸ்கிண்ட் 1985இல் ஜெர்மனில் எழுதிய 'பெர்ஃப்யூம்'. கதை நடப்பது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். பாரிஸ் மீன் சந்தையில், மீன் கழிவுக்கு நடுவே பிறக்கும் க்ரெனூய் என்பவனுக்கு உலகத்தில் யாருக்கும் இல்லாத மோப்பம், ஆனால் அவன் உடம்புக்கென்று ஒரு வாசனையும் கிடையாது. தோல் பதனிடும் இடத்தில் அடிமாடு மாதிரி வேலை பார்த்து, ஒரு சென்ட் வியாபாரியிடம் தொழில் கற்று, கடைசியில் கிராஸ் என்ற ஊருக்குப் போகிறான். கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி அதன்மேல் மல்லிகையைப் பரப்பி, பூவின் மணத்தைக் கொழுப்பு குடித்துவிடச் செய்யும் வித்தையை அங்கே படிக்கிறான். அப்புறம் பெண்களைக் கொன்று, அதே வித்தையை அவர்கள்மேல் செய்கிறான்.

கிராஸ் கற்பனை ஊர் இல்லை. தென் பிரான்ஸில் இருக்கிறது, அந்த வட்டாரத்தின் வாசனைத் திரவியக் கலையை யுனெஸ்கோ 2018இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது முதலில் சென்ட் ஊரே இல்லை, தோல் ஊர். பதனிட்ட தோலின் வீச்சம் கையுறையில் அடிக்கக் கூடாது என்று அதற்கு மணம் ஏற்றப்போய், அந்த மணமே பெரிய தொழிலாகி, ஊர் பூ ஊராக மாறியது.

இப்போது திண்டுக்கல் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். டவுனைச் சுற்றித் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் இடங்கள். கொஞ்சம் தள்ளி நிலக்கோட்டை பூ மார்க்கெட். ஒரே மாவட்டத்தில் இரண்டும். நம் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பக்கத்திலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பொது அறிவுக் கேள்வியாகப் படித்திருக்கிறார்கள். ஆனால் முகூர்த்தம் இல்லாத நாளில் விலை விழுந்ததும் அந்தப் பூ எங்கே போகிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டில் பார்த்திருக்கிறார்கள். சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது. ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊற வைத்து, மெழுகு மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். அதற்குத் தொழிலில் 'கான்கிரீட்' என்று பெயர், நாம் வீடு கட்டுகிற கான்கிரீட் இல்லை. ஆயிரம் கிலோ பூவுக்கு மிஞ்சிப்போனால் மூன்று கிலோ தேறும். அது கப்பல் ஏறிப் போய் வெளிநாட்டு பாட்டிலுக்குள் நுழைகிறது. விடிவதற்குள் டார்ச் வெளிச்சத்தில் மொட்டு பறித்துவிட்டு எட்டரை மணிக்கு என் வகுப்பில் உட்காருகிற பெண்ணிடம் போய், பிரான்ஸ் சென்டுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். நான் கேட்கவில்லை. முதல் வருடம் அவளேதான் வகுப்பில் எழுந்து அந்தச் சம்பந்தத்தைச் சொன்னாள், நான் அதுவரை யோசித்திருக்கவே இல்லை.

சரி, வகுப்பில் என்னதான் செய்தோம்?

நாவலின் தொடக்கத்தில், குழந்தைக்குப் பால் கொடுக்க வைத்திருந்த செவிலி அவனைத் திருப்பிக் கொண்டுவந்து பாதிரியாரிடம் விட்டுவிடுகிறாள். குழந்தையிடம் குழந்தை வாசனையே இல்லை என்பது அவள் புகார். அப்படியென்றால் குழந்தை என்ன வாசனை அடிக்கும் என்று அவர் கேட்க, அவள் திணறித் திணறிச் சொல்கிறாள்: பாதம் வெண்ணெய் மாதிரி, உச்சந்தலையின் பின்பக்கம் காய்ச்சிய சர்க்கரை மாதிரி. இந்த இடத்தைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டுக் குழந்தையின் உச்சந்தலை என்ன வாசனை அடிக்கும், 'நல்ல', 'கெட்ட' என்ற இரண்டு சொல்லையும் தொடாமல் எழுதுங்கள் என்றேன். பத்து நிமிடம் பேனா நகரவே இல்லை. அப்புறம் வந்தது பாருங்கள். வசம்பு, சாம்பிராணிப் புகை, கக்கிய பால் காய்ந்த துணி, வேப்பெண்ணெய், வெயிலில் காய்ந்த தொட்டில் சேலை.

க்ரெனூய்க்கு மொழியின்மேல் ஒரு கோபம் உண்டு. ஒவ்வொரு நாள் பாலும் ஒவ்வொரு மாதிரி மணக்கும்போது எல்லாவற்றுக்கும் பால் என்று ஒரே பெயர் எதற்கு என்பான். அதற்கு ஒரு பையன் பதில் எழுதியிருந்தான்: அவன் தமிழ் படிக்கவில்லை மேம். கறந்த பால், காய்ச்சிய பால், அடிப்பிடித்த பால், திரிந்த பால், சீம்பால் என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வாசனை எழுதியிருந்தான். வாடை, வீச்சம், கவிச்சி, காந்தல், மக்கல், 'பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்' என்று அம்மாக்கள் சொல்கிற அந்தப் பச்சை வாசனை, எல்லாம் பலகையில் ஏறின. நாற்றம் என்ற சொல் எப்போது கெட்டுப்போனது என்று ஒரு சண்டை. ஆண்டாள் வெண்சங்கிடம் 'நாறுமோ' என்று கேட்டபோது நறுமணத்தைத்தான் கேட்டாள் என்று தமிழ்த் துறையிலிருந்து ஓர் ஐயா வந்து அரை மணி நேரம் பேசினார். மதுரையில் இருந்துகொண்டு நக்கீரர் வராமல் இருப்பாரா, அவரும் வந்தார். கூந்தலுக்கு இயற்கையில் மணம் இல்லை, பூவும் பூச்சும் சேர்ந்தால்தான் உண்டு என்று நக்கீரர் பிடித்த பிடி இன்றைக்கு ஷாம்பு கம்பெனிக்காரர்களுக்கு எவ்வளவு வசதி என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். ஆங்கில வகுப்பில் இவ்வளவு தமிழா என்று நீங்கள் ஆட்சேபித்தால் அதையும் தனியாகப் பேசலாம்.

இங்கேதான் விளம்பரம் உள்ளே வருகிறது. காகிதத்தில் மணம் ஒட்டாது. டிவியிலும் வராது. நாவலாசிரியனுக்கும் விளம்பரம் எழுதுகிறவனுக்கும் முன்னால் இருப்பது ஒரே சங்கடம்: மூக்குக்குப் போக வேண்டியதைக் கண்ணையும் காதையும் வைத்தே செய்து முடிக்க வேண்டும். நாவல் பெயர்களை அடுக்கியும் ஒப்புமை சொல்லியும் அதைச் செய்கிறது. விளம்பரம் என்ன செய்கிறது? சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய், பாடி ஸ்பிரே என்று பத்திரிகைகளிலிருந்து பிள்ளைகள் வெட்டிக்கொண்டு வந்ததில் பெரும்பாலானவை, அந்தப் பொருள் என்ன மணக்கும் என்றே சொல்லவில்லை. புத்துணர்ச்சி என்கின்றன, தன்னம்பிக்கை என்கின்றன. மணத்துக்குப் பதில் வேறு எதையோ விற்கின்றன. 1970களின் லிரில் சோப்பு விளம்பரத்தை யூடியூபில் போட்டுக் காட்டினேன். எலுமிச்சை மணத்தைச் சொல்ல வேண்டும், கையில் இருப்பது அருவி, பச்சை நிறம், ஒரு பெண்ணின் துள்ளல், ஒரு ராகம், அவ்வளவுதான். அது எடுக்கப்பட்ட கொடைக்கானல் பாம்பார் அருவியை மக்கள் இன்றைக்கும் லிரில் ஃபால்ஸ் என்கிறார்கள். டூர் போன பிள்ளைகள் அங்கே செல்ஃபி எடுத்திருக்கிறார்கள், பெயர்க் காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு அருவியின் பெயரையே மாற்றிவிட்ட எழுத்தைப் பிரதி இல்லை என்கிறீர்கள்.

இன்னொன்றையும் படித்தோம். 1919இல் அமெரிக்காவில் 'ஓடோரோனோ' என்ற வியர்வை மருந்துக்கு ஜேம்ஸ் வெப் யங் எழுதிய விளம்பரம். பெண்ணின் அக்குள் பற்றிப் பொதுவில் பேசிவிட்டது என்று அதை வெளியிட்ட பத்திரிகையின் சந்தாவை ஏறக்குறைய 200 பேர் நிறுத்தினார்கள். மருந்தின் விற்பனையோ ஒரே வருடத்தில் 112 சதவீதம் ஏறி 417,000 டாலரைத் தொட்டது. அதன் வாசகங்களை வரி வரியாகப் பிரித்தோம். உனக்கே தெரியாமல் உன்மேல் வாடை அடிக்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கலாம், இதுதான் அதன் சாரம். ஹாஸ்டலில் இருக்கிற ஒரு மாணவி படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நூறு வருஷம் ஆச்சு மேம், இன்னும் இதே வார்த்தையத்தான் எங்கிட்ட சொல்லிட்டு இருக்காங்க" என்றாள். நான்கு பேர் காசு போட்டு ஒரு டியோ வாங்கி, இன்டர்வியூ இருக்கிறவள் மட்டும் அடித்துக்கொள்வது என்று அவர்கள் அறையில் ஒரு ஒப்பந்தம் இருந்ததாம்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு பையனின் ஒப்படைப்பு. பெயர் வேண்டாம். தாத்தா, அப்பா இருவரும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். நாவலில் க்ரெனூய் ஒரு கட்டத்தில், தனக்கு மனித வாசனை இல்லாததால்தான் யாரும் தன்னைக் கவனிப்பதில்லை என்று புரிந்துகொண்டு, பூனைப் பீ, வினிகர், கெட்டுப்போன பாலாடைக்கட்டி என்று கையில் கிடைத்த நாற்றங்களைச் சேர்த்து மனிதன் மாதிரி மணக்கும் ஒரு திரவம் செய்து பூசிக்கொள்கிறான். தெருவில் இறங்கியதும் ஜனங்கள் முதல்முறையாக அவனை ஒரு ஆளாக மதிக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் பையன் எழுதியது இது: கல்யாண வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அப்பா இரண்டு தடவை குளிப்பார், முதலில் சிவப்பு சோப்பு, அப்புறம் சந்தன சோப்பு. போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஓரத்தில் உட்காருவார். க்ரெனூய் ஆளாக மதிக்கப்பட மனுச வாடையைப் பூசினான், எங்கப்பா ஆளாக மதிக்கப்பட மனுச வாடையைக் கழுவினார். எங்கப்பாவுக்கு வேலை செய்யாத சோப்பு டிவியில் எல்லோருக்கும் வேலை செய்கிறது.

இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்துகிறேன். இப்படி ஒரு ஒப்பீட்டை எந்த கைடிலும் பார்த்ததில்லை, நானும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை. நாவலை மட்டும் வைத்திருந்தால் அது அவனுக்கு எங்கோ நடந்த ஒரு வெள்ளைக்காரக் கொலைகாரன் கதை. விளம்பரத்தை மட்டும் வைத்திருந்தால் ஒரு கம்யூனிகேஷன் பயிற்சி. இரண்டும் ஒரே மேஜையில் கிடந்ததால் அவன் வீட்டுக் குளியலறை வகுப்புக்குள் வந்தது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் ஐந்து பக்கத்தில் அந்தப் பூனைப் பீ பகுதி இல்லை.

மாணவிகளுக்கு ஏற்றதல்ல என்ற காரணத்துக்கு வருகிறேன். எந்தக் காட்சியைச் சொல்கிறீர்கள் என்று தெரியும். கிராஸில் தூக்குமேடைக்குக் கொண்டுவரப்படும் க்ரெனூய், கொன்ற பெண்களிடமிருந்து செய்த சென்டைப் பூசியிருக்கிறான். வேடிக்கை பார்க்க வந்த பத்தாயிரம் பேரும் அவன்மேல் மயங்கி, அப்புறம் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். ஆமாம், கூச்சமான இடம்தான், எனக்கே முதல் வருடம் உரக்கப் படிக்க வாய் வரவில்லை. ஆனால் ஒருவன் ஸ்பிரே அடித்ததும் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓடி வருகிற ஆக்ஸ் விளம்பரங்களை இந்தப் பிள்ளைகள் பால்வாடிக் காலத்திலிருந்து, அப்பாவோடு கிரிக்கெட் பார்க்கும்போதே பார்த்து வளர்ந்தவர்கள். அதே காட்சிதான். முப்பது விநாடியில் சிரிப்போடு முடிந்துவிடுகிறது என்பதால் அது ஏற்றதாகிவிடுமா? நாவல் அங்கே நிற்கவில்லை. எல்லோரும் நேசிப்பது பாட்டிலில் இருந்ததைத்தான், தன்னை இல்லை என்று தெரிந்து அவனுக்கே வெறுப்பு வருகிறது. மறுநாள் காலையில் அந்த ஊர் நடந்ததைப் பேசாமலே மறந்துவிடுவது என்று முடிவு செய்து, சம்பந்தமே இல்லாத ஒருவனைப் பிடித்துச் சித்திரவதை செய்து தூக்கில் போடுகிறது. கிராஸில் செத்த 25 பெண்களில் லோர் என்ற ஒருத்திக்குத்தான் நாவல் பெயர் கொடுக்கிறது. அதை எண்ணிச் சொன்னதும் ஒரு மாணவிதான். விளம்பரத்தில் ஓடி வருகிறவர்களில் யாருக்காவது பெயர் இருக்கிறதா என்று அவள் கேட்டபோது, ஸ்பிரே விளம்பரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

2022 ஜூனில் ஒரு பாடி ஸ்பிரேயின் விளம்பரங்கள் கூட்டு வன்புணர்வை ஜோக்காக்குகின்றன என்று நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே ட்விட்டரிலிருந்தும் யூடியூபிலிருந்தும் அவற்றை எடுக்கச் சொன்னது. அந்த வாரம் எங்கள் வகுப்பில் அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச முடிந்தது. எந்தச் சொல்லில், எந்த கேமரா கோணத்தில் பயம் நகைச்சுவையாக மாறுகிறது என்று பிள்ளைகள் பிரித்துச் சொன்னார்கள். ஏற்றதல்ல என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பேச்சு எங்கே நடந்திருக்கும்? பஸ் ஸ்டாப்பில் நடந்திருக்கும், வேறு மாதிரி.

என் பக்கத்திலும் தப்பு உண்டு. முதல் வருடம் முப்பதுக்கும் மேற்பட்ட விளம்பரங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் குழப்பினேன், கலர் போன ஜெராக்ஸில் விளம்பரம் படிப்பது வெந்நீரில் பாயசம் சாப்பிடுகிற மாதிரி. ஒரு அம்மா வந்து, மகள் சோப்பு விளம்பரம் வெட்ட வாரப்பத்திரிகையைக் கிழிக்கிறாள், இது என்ன படிப்பு என்று கேட்டார், அது நியாயமான கேள்வி. விளம்பரங்களை ஐந்தாகக் குறைத்தேன். கேள்வித்தாளில் எப்படி மதிப்பெண் போடுவது என்று உங்களில் ஒருவர் கேட்டதும் நியாயம்தான். அதற்கு நான் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டு முறை, போன வருடக் கோப்பில் இருக்கிறது. யாரும் அதைத் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

இனி நான் கேட்பது. நான்காம் அலகை வரும் செமஸ்டரிலிருந்து நாவலும் விளம்பரமும் சேர்ந்த வடிவத்திலேயே திருப்பிக் கொடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பதானால் இரண்டையுமே எடுத்துவிடலாம். நாவல் முழுவதும் இருக்க வேண்டும். நேரம் இல்லை என்றால் செவிலி, மனித வாசனை, தூக்குமேடை, அதற்கு மறுநாள் ஆகிய பகுதிகளாவது இருக்க வேண்டும். தூக்குமேடைப் பகுதியைப் படிக்கச் சங்கடப்படுகிற மாணவருக்கு மாற்று ஒப்படைப்பு கொடுக்க நான் தயார், அதை எழுத்தில் போடுங்கள். ஐந்து விளம்பரங்களில் மூன்று தமிழ் விளம்பரங்களாக இருக்கலாம் என்று விதியில் சேருங்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'தோல்' நாவலிலிருந்து ஒரு பகுதியை, தமிழ்த் துறையோடு பேசி, இதோடு வைக்க அனுமதி கொடுங்கள். பிள்ளைகள் வாசனைகளை எழுதிவைத்த, மனப்பாடத்துக்கு இடமில்லாத அந்தக் குறிப்பேட்டுக்கு இன்டர்னலில் பத்து மதிப்பெண் இருந்ததே, அதையும் கை வைக்காமல் விடுங்கள்.

இதில் எதை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தாருங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு என்னையும், இந்தப் பேப்பரைப் படித்து முடித்த மாணவர் இருவரையும் அழையுங்கள். மூன்று வருட ஒப்படைப்புகளையும் கட்டி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். கூட்டத் தேதியை ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும், தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு உலக இலக்கியப் பேப்பர் ஆசிரியை